கொழும்பிலிருந்து டோக்கியோவுக்கு மிகக் குறைந்த செலவில் செல்லும் வழியைக் கண்டறிதல்

கொழும்பிலிருந்து டோக்கியோ வரையான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் நேரடி விமானத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கலாம். கோலாலம்பூர், பாங்கொக், சிங்கப்பூர், ஹொங்கொங், ஷாங்காய், டில்லி ஆகிய நகரங்களுள் ஏதேனும் ஒன்றில் இறங்கி ஏறியும் அதே தூரத்தைக் கடக்கலாம். இவற்றுள் எது மலிவு என்று கேட்டால் தேடுதளங்கள் நொடிப்பொழுதில் ஒரு விடையைத் தருகின்றன. ஆனால் தேடுதளத்துக்கு உங்கள் கையில் இருக்கும் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பது தெரியாது. அது மலிவு என்று முதலாவதாகக் காட்டும் வழி, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் ஏறவே முடியாத வழியாக இருப்பது அரிதன்று. ஆகவே இங்கு கூறப்படும் முறை வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குகிறது: முதலில் விசா, பின்னர் வழி, அதன் பின்னர் திகதி, கடைசியாகவே விலை.

டோக்கியோவை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம், மொழிப் பாடசாலைக்கும் தொழிலுக்குமாக அங்கு செல்வோர் நம்மிடையே பலர் இருப்பதும், ஆசியாவின் எல்லா இடைமாற்று நகரங்களும் இந்த ஒரே பயணத்தில் போட்டிக்கு வருவதுமாகும். சியோலுக்கோ ஹனோய்க்கோ செல்பவரும் நகரத்தின் பெயரை மாற்றிக்கொண்டு இதே முறையைக் கையாளலாம்.

முதலாம் படி: இடையில் எங்கே இறங்க முடியும்?

இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் அடங்கியிருந்தால், இடையில் வரும் நாட்டின் குடிவரவுக் கருமபீடத்தைத் தாண்டாமல் இடைமாற்றுப் பயணிகளின் பகுதியிலேயே காத்திருந்து அடுத்த விமானத்தில் ஏறலாம். பொதியும் கட்டுநாயக்கவில் ஒப்படைத்தபடி டோக்கியோவுக்குப் போய்ச் சேரும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு சீட்டுகளைத் தனித்தனியே வாங்கி நீங்களே பொருத்திக்கொண்டால் இவற்றில் எதுவும் கிடையாது. முதல் விமான நிறுவனத்தின் பார்வையில் உங்கள் பயணம் அந்த நடுவூரில் முடிந்துவிடுகிறது. அங்கே பொதியை எடுக்க வேண்டும். எடுப்பதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு விசாவோ விசா விலக்கோ இருக்க வேண்டும்.

நமது மூத்த தலைமுறையினருக்கு இது புதிய செய்தியன்று. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு சீட்டை வாங்கி, தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பின்னர் சென்னை எழும்பூர் வரை மீண்டும் ரயில் என்று சென்ற போட் மெயில் பயணம், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்த ஒற்றைச் சீட்டு முறையிலேயே நடந்தது.

தனிச் சீட்டுகளைப் பொருத்துவதானால், இலங்கையர் எந்த நகரங்களில் அதைச் செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் செல்ல இலங்கையருக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பினால் போதும். தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையைச் சேர்த்தது. 2025 மே மாதத்திலிருந்து அங்கும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். மலேசியாவுக்குள் நுழைய நமக்கு மின்விசா வேண்டும். இந்தியாவுக்கும் அவ்வாறே. சீனா, மூன்றாவது நாடொன்றுக்கான உறுதிசெய்யப்பட்ட சீட்டு உள்ளவர்களை 24 மணித்தியாலங்களுக்குள் விசாவின்றி இடைமாற அனுமதிக்கிறது. ஆகவே சிங்கப்பூரும் பாங்கொக்கும் தனிச் சீட்டுகளைப் பொருத்த ஏற்ற இடங்கள். கோலாலம்பூர் ஒரே சீட்டில் செல்பவருக்கு மட்டுமே ஏற்றது. இந்த விதிகள் அரசுகளின் விருப்பப்படி மாறக்கூடியவை என்பதால், சீட்டு வாங்கும் நாளிலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் உரிய நாட்டின் குடிவரவுத் திணைக்களத் தளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

என் சித்தியின் மகன் இந்தப் பாடத்தைச் செலவுசெய்தே கற்றார். கோலாலம்பூர் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து ஒசாகாவுக்கு வேறொரு நிறுவனத்தின் சீட்டும் வாங்கினார். ஜப்பானிய விசா கையில் இருந்தது. மலேசிய விசா தேவைப்படும் என்று அவர் நினைத்தும் பார்க்கவில்லை. கட்டுநாயக்கவில் பொதியைத் தராசில் வைத்த பின்னரே கருமபீடத்தில் இருந்தவர் அதைக் கேட்டார். மிச்சம் பிடிக்க எண்ணிய தொகையைப் போல இரண்டு மடங்கை இழந்து, மாலை வேளையில் பெட்டியுடன் வீடு வந்து சேர்ந்தார். அந்த அலுவலரைக் குறைசொல்வதற்கில்லை. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் நிறுவனத்துக்குப் பல நாடுகள் அபராதம் விதிக்கின்றன. திருப்பி அனுப்பும் செலவும் அந்நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே அவர்கள் டைமாட்டிக் என்ற சர்வதேசத் தரவுத்தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்கான விதியைப் பார்க்கிறார்கள். அதில் இல்லை என்று வந்தால் இல்லைதான். பல விமான நிறுவனங்கள் அதே தரவைத் தங்கள் இணையத்தளத்தில் பயணிகளும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஜப்பானிய விசா கிடைக்குமுன் சீட்டுக்குப் பணம் செலுத்திவிடாதீர்கள். விண்ணப்பத்துடன் பயண ஒழுங்கைக் காட்ட வேண்டியிருந்தால், பணம் செலுத்தாத முன்பதிவு ஒன்றைப் பெற முடியும். அதனை எப்படிப் பெறுவது என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: வழிகளைத் தாளில் எழுதுங்கள்

தேடுதளத்தைத் திறக்குமுன், கட்டுநாயக்க விமான நிலையத்தின் புறப்பாட்டு அட்டவணையை இணையத்தில் இரண்டு மூன்று நாட்கள் கவனித்து, கிழக்கு நோக்கிச் செல்லும் நிறுவனங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே போல நரிட்டா, ஹனேடா ஆகிய டோக்கியோவின் இரு விமான நிலையங்களுக்கும் எந்தெந்த நகரங்களிலிருந்து மலிவு விமானங்கள் வருகின்றன என்றும் எழுதுங்கள். இரண்டு பட்டியல்களிலும் வரும் நகரங்களே உங்கள் இடைமாற்று நகரங்கள். தேடுதளங்கள் ஒன்றோடொன்று உடன்பாடில்லாத நிறுவனங்களைப் பல வேளைகளில் இணைத்துக் காட்டுவதில்லை என்பதால், தாளில் தெரியும் சில வழிகள் திரையில் தெரியாமலே போகும்.

கோலாலம்பூர் வழியில் எயார் ஏசியாவும், அதன் நெடுந்தூரப் பிரிவான எயார் ஏசியா எக்ஸும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே முன்பதிவில், இடைமாற்றுச் சேவையுடன் வாங்கினால் மலேசியக் குடிவரவைத் தாண்ட வேண்டியதில்லை. அதே இரு விமானங்களையும் தனித்தனியே வாங்கினால் தாண்ட வேண்டிவரும். பாங்கொக் வழியில் டொன் முவாங் விமான நிலையத்தை மையமாகக் கொண்ட தாய் எயார் ஏசியாவும், அங்கிருந்து நரிட்டாவுக்குச் செல்லும் அதன் சகோதர நிறுவனமும் உள்ளன. நகரின் மற்ற விமான நிலையமான சுவர்ணபூமியிலிருந்து தாய் எயார்வேஸும், ஜப்பான் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான மலிவு நிறுவனமான சிப் எயாரும் செல்கின்றன. சிங்கப்பூர் வழியில் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் அதன் மலிவு நிறுவனமான ஸ்கூட்டும், மீண்டும் சிப் எயாரும் உள்ளன. சீன நிறுவனங்களின் கட்டணம் பல வேளைகளில் எல்லாவற்றிலும் குறைவாகக் காணப்படும். பொதியும் உணவும் சேர்ந்தே வரும். ஆயினும் இடையில் பத்து, பதினைந்து மணித்தியாலம் காத்திருக்க நேரும். அத்துடன் 2025 நவம்பரில் நடந்தது போல, பீஜிங்குக்கும் டோக்கியோவுக்கும் இடையில் அரசியல் கசந்தால் சீன–ஜப்பானிய விமானங்கள் கூட்டமாக இரத்தாகின்றன.

இந்திய வழியைப் பற்றிக் கொழும்புத் தமிழர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: சென்னைக்குப் போய்விட்டால் எல்லாம் மலிவு. சென்னையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குச் செல்லும் கட்டணம் சில காலங்களில் கொழும்புக் கட்டணத்தைவிடக் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் சென்னைக்குச் செல்லும் சீட்டு, இந்திய விசா, ஓர் இரவுத் தங்குமிடம், அங்கும் இங்கும் ஓடும் முச்சக்கரவண்டி என்று கூட்டினால் மிச்சம் ஆவியாகிவிடும். சென்னையில் உறவினர் வீட்டில் நான்கு நாட்கள் நிற்க எப்படியும் எண்ணியிருப்பவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

ஒரே நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பது தனிச் சீட்டுக்காரருக்கு ஒரு பொறி. டொன் முவாங்கில் இறங்கிச் சுவர்ணபூமியில் ஏற வேண்டியிருந்தால் பாங்கொக்கின் போக்குவரத்து நெரிசலைக் கடக்க வேண்டும். அடுத்த விமானச் சீட்டைக் காட்டுபவர்களுக்கு இரண்டுக்கும் இடையில் இலவசப் பேருந்து உண்டு, நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. கோலாலம்பூரில் எயார் ஏசியா இரண்டாம் முனையத்திலும் பல நிறுவனங்கள் முதலாம் முனையத்திலும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே செல்லும் ரயிலைப் பிடிக்கக் குடிவரவைக் கடந்து வெளியே வர வேண்டும். விசா இல்லாதவருக்கு அந்த ரயில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

மூன்றாம் படி: திகதி

இரண்டு நாடுகளின் விடுமுறைகளும் மோதும் நாட்களைத் தவிர்த்தாலே செலவில் பெரும் பகுதி குறைந்துவிடும். நமது சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, டோக்கியோவில் செர்ரிப் பூக்கள் மார்ச் இறுதியில் மலர்ந்து உதிரும் பருவத்தை ஒட்டி வருகிறது. அது முடிந்த கையோடு ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான ஜப்பானியப் பொன் வாரம் தொடங்குகிறது. ஆகஸ்டில் இங்கே பாடசாலை விடுமுறை, அங்கே முன்னோர்களுக்கான ஒபோன் நாட்கள். டிசம்பர் பிற்பகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டு ஆண்டுக்கு ஆண்டு ஜனவரிப் பிற்பகுதிக்கும் பெப்ரவரிப் பிற்பகுதிக்கும் இடையில் நகர்வதால், கோலாலம்பூர், சிங்கப்பூர் வழிகளையும் அது பாதிக்கும். குளிரைப் பொறுத்துக்கொள்பவர் ஜனவரி நடுப்பகுதியையும், மழையைப் பொறுத்துக்கொள்பவர் ஜூன் மாதத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஜூனில் டோக்கியோவின் மழை நம் ஊர் அடைமழைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, உலாவியின் நினைவகத்தை அழித்துவிட்டுத் தேடினால் மலிவு என்பன போன்ற கதைகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த நாளில் வாங்குகிறோம் என்பதைவிட எந்த நாளில் பறக்கிறோம் என்பதே விலையை மாற்றுகிறது.

நான்காம் படி: தேடுதல்

ஒரு விமானத்தின் சாதாரண வகுப்பில் இருக்கைகள் எல்லாம் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு விலைப்படிக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, மிகக் குறைந்த படியில் சில இருக்கைகள், அடுத்த படியில் வேறு சில என்று நிறுவனம் பிரித்து வைக்கிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். நால்வர் கொண்ட குடும்பத்துக்காகத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகளே எஞ்சியிருந்தால், முறைமை பெரும்பாலும் நால்வருக்கும் மேற்படியின் விலையையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள், பின்னர் இருவருக்கு, பின்னர் நால்வருக்கு. எங்கே தலைக்கான விலை தாவுகிறது என்று தெரிந்துவிடும். இருவர் இருவராகப் பிரித்து வாங்குவது அப்போது கணிசமான தொகையை மிச்சப்படுத்தும். ஆனால் விமானம் இரத்தானால் இரண்டு முன்பதிவுகளும் வெவ்வேறு நாட்களுக்கு மாற்றப்படும் ஆபத்தும் உண்டு. சிறு பிள்ளைகளுடன் செல்பவர்கள் பிரித்தால், ஒவ்வொரு முன்பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடலை இவ்வாறு நடத்துங்கள். முதலில் கூகுள் பிளைட்ஸில் கொழும்பு–டோக்கியோ எனக் கொடுத்து, திகதி அட்டவணையைத் திறந்து, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் முன்பின் நகர்த்தி மிகக் குறைந்த இணையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையே உங்கள் அளவுகோல். இனிப் பார்க்கும் எதுவும் அதை வெல்ல வேண்டும். இரண்டாவதாக, ஸ்கைஸ்கானரில் முழு மாதத்துக்கும் தேடுங்கள். கூகுள் காட்டாத சில மலிவு நிறுவனங்களும் முகவர்களும் அதில் வருவர். மூன்றாவதாகத் தாளில் எழுதிய இடைமாற்று நகரங்களுக்குத் திரும்புங்கள். கொழும்பு–சிங்கப்பூர் ஒரு தேடல், சிங்கப்பூர்–டோக்கியோ இன்னொரு தேடல்; பாங்கொக்குக்கும் அவ்வாறே. நான்காவதாகச் சேருமிடத்தை மாற்றிப் பாருங்கள்: ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்கு வரும் மலிவு விமானங்கள் பல. அங்கிருந்து டோக்கியோவுக்கு இரவுப் பேருந்தில் எட்டு ஒன்பது மணித்தியாலம். ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிக்கு ஏறத்தாழ 14,000 யென். ஒசாகாவில் இறங்கி, டோக்கியோவிலிருந்து திரும்பும் வகையில் சீட்டு எடுத்தால் அந்தச் செலவும் ஒரு முறை மட்டுமே.

முழுச்சேவை நிறுவனங்கள் இருவழிச் சீட்டை இரண்டு ஒருவழிச் சீட்டுகளைவிடப் பெரும்பாலும் குறைவாக விற்கின்றன. மலிவு நிறுவனங்கள் ஒவ்வொரு பறப்பையும் தனியே விலையிடுவதால், போவது ஒரு நிறுவனம், வருவது இன்னொன்று என்று கலப்பதில் நட்டமில்லை. சுற்றுலா விசாவில் செல்பவர் ஒருவழிச் சீட்டுடன் மட்டும் புறப்படக் கூடாது. திரும்பும் சீட்டைக் கட்டுநாயக்கவிலேயே கேட்பார்கள்.

தனிச் சீட்டுகளுக்கு இடையில் குறைந்தது ஆறு மணித்தியாலமேனும் விடுங்கள். அந்த வழியில் அன்றைக்கு ஒரே விமானந்தான் உண்டென்றால் ஓர் இரவையே விட்டுவிடுவது நல்லது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இரவைக் கழிப்பது கடினமன்று. சிங்கப்பூரை மையமாகக் கொண்டிருந்த ஜெட்ஸ்டார் ஏசியா 2025 ஜூலை 31உடன் பறப்பதை நிறுத்தியது. ஒரு நிறுவனம் அப்படி நிற்கும்போது அதன் பயணிகளுக்குப் பணம் திரும்பலாம், அத்துடன் பொருத்தி வாங்கிய மற்ற நிறுவனத்தின் சீட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆகவே தனிச் சீட்டுகளை ஆறு மாதம் முன்பாக வாங்கி வைப்பதை நான் விரும்புவதில்லை.

வாசலிலிருந்து வாசல் வரை ஒரு கணக்கு

வழிகளை ஒப்பிடும்போது திரையில் தெரியும் கட்டணத்தை ஒப்பிடாமல், வெள்ளவத்தை வீட்டு வாசலிலிருந்து டோக்கியோவில் தங்கும் வீட்டு வாசல் வரையான செலவை ஒப்பிடுங்கள். கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை உண்மைக் கட்டணங்கள் அல்ல. பொதியும் உணவும் அடங்கிய நேரடி விமானத்தின் இருவழிச் சீட்டு 190,000 ரூபா என்றும், பாங்கொக் வழியாகத் தனிச் சீட்டுகளின் கூட்டுத்தொகை 135,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் மிச்சம் 55,000. இனி 20 கிலோ பொதிக்கு நான்கு பறப்புகளிலும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும்: 32,000. போகும் வழியில் ஓர் இரவுத் தங்குமிடம்: 8,000. உணவு, விமான நிலையங்களுக்கு இடையிலான போக்குவரத்து: 6,000. வெளிநாட்டு நாணயத்தில் கடனட்டை வழியாகச் செலுத்தியதற்கான வங்கி அறவீடு: 4,000. மிச்சம் 5,000 ரூபா. அதற்காக ஒன்றரை நாளையும் ஓர் உறக்கத்தையும், விமானம் தவறினால் தாங்க வேண்டிய முழு இழப்பையும் விலையாகக் கொடுக்கிறீர்கள்.

இதே கணக்கில் பொதியை நீக்கிப் பாருங்கள். ஏழு கிலோ கைப்பொதியுடன் மட்டும் செல்லும் மாணவர் ஒருவர், இரவை விமான நிலைய வாங்கில் கழிப்பாரானால், அவருக்கு 45,000 ரூபா மிஞ்சும். ஆகவே ஒரே வழி ஒருவருக்கு மலிவாகவும் இன்னொருவருக்கு வீண் அலைச்சலாகவும் அமைவது அவர்கள் கொண்டுசெல்லும் பெட்டியைப் பொறுத்தது. கறித்தூளும் மாசியும் கருவாடும் கட்டிக்கொண்டு புறப்படும் நம் வழக்கம் மலிவு விமானங்களுக்கு ஏற்றதன்று. போதாததற்குப் பல இறைச்சி உற்பத்திகளையும் பழங்களையும் ஜப்பானியச் சுங்கம் உள்ளே விடுவதில்லை.

பொதியை வாங்குவதானால் சீட்டு எடுக்கும்போதே வாங்குங்கள். விமான நிலையக் கருமபீடத்தில் அதன் விலை பன்மடங்காகும். கைப்பொதியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள், கைப்பையையும் சேர்த்து.

ஐந்தாம் படி: யாரிடம் வாங்குவது?

தேடுதளத்தில் கண்ட வழியை முதலில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். விலை ஒன்றாகவோ இரண்டாயிரம் ரூபா கூடவோ இருந்தால் அங்கேயே வாங்குங்கள். பெயர் கேள்விப்படாத இணைய முகவரிடம் மலிவாக வாங்கியவர், விமானம் இரத்தாகும் நாளில், நிறுவனம் முகவரிடம் போ என்றும் முகவர் நிறுவனத்திடம் கேள் என்றும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளவத்தை காலி வீதியிலும், கொட்டாஞ்சேனையிலும், கோட்டையிலும் உள்ள பயண முகவர்களை இணையம் வந்துவிட்டது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். சில முழுச்சேவை நிறுவனங்கள் மாணவர்களுக்கும் தொழிலுக்குச் செல்வோருக்கும் கூடுதல் பொதியுடன் தரும் சிறப்புக் கட்டணங்கள் பொதுத் தேடலில் வெளிப்படுவதில்லை. மொழிப் பாடசாலையின் அனுமதிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கேட்டால் முகவர் எடுத்துத் தருவார். பணம் செலுத்தாமல் இடத்தைக் குறிப்பிட்ட நேரம் வரை பிடித்துவைக்கவும் அவரால் முடியும். விசா விண்ணப்பத்துக்கான பயண ஒழுங்கு இவ்வாறு பெறப்படுவதே. இரண்டு முகவர்களிடம் ஒரே நாளில் கேளுங்கள். எந்த விமானம், எத்தனை கிலோ, திகதி மாற்றினால் எவ்வளவு, இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

பணம் கட்டிய பின்னர் உங்களுக்கு இரண்டு எண்கள் கிடைக்க வேண்டும். ஆறு எழுத்துகள் கொண்ட முன்பதிவுக் குறியீடு ஒன்று. இடம் பிடிக்கப்பட்டதற்கு மட்டுமே அது சான்று. மற்றையது பதின்மூன்று இலக்க மின்சீட்டு எண்; முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும், ஸ்ரீலங்கனுக்கு 603. மலிவு நிறுவனங்கள் பலவற்றில் முன்பதிவுக் குறியீடே சீட்டு. ஆனால் முழுச்சேவை நிறுவனத்தின் சீட்டுக்குப் பணம் வாங்கிய ஒருவர் ஆறு எழுத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்தாரானால், மின்சீட்டு எண் வரும் வரை அவரை விடாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் அந்தக் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் இட்டு நீங்களே சரிபார்க்கலாம். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி வரும் நமக்கு இதில் தவறு நேர்வது எளிது.

கடனட்டையில் செலுத்தும்போது தளம் இலங்கை ரூபாவிலேயே விற்கிறதா என்று பாருங்கள். டொலரிலோ தாய்லாந்தின் நாணயமான பாத்திலோ விற்கும் தளம், கடைசிப் பக்கத்தில் ரூபாவுக்கு மாற்றித் தருகிறேன் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று வீதம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் வீதத்தைவிட மோசமானது. வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கு வங்கியின் மேலதிக வீதமும் அரசின் முத்திரை வரியும் சேரும். கொழும்பு முகவரிடம் ரூபாவில் வாங்கினால் இவை இல்லை. சில வங்கிகள் வட்டியில்லாத் தவணையும் தருகின்றன.

தரைவழியும் கடல்வழியும்

விமானமே இல்லாமல் செல்வது மலிவாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம், மாரி காலத்தில் நிறுத்தப்படும். அதன் பின்னர் வழி முட்டுகிறது. இந்தியாவின் மோரே எல்லையால் மியன்மாருக்குள் சுற்றுலாப் பயணி இன்று போக முடியாது. ஆகவே சென்னையிலோ கொல்கத்தாவிலோ எப்படியும் விமானம் ஏற வேண்டும். பாங்கொக்கிலிருந்து மேலே வழி நன்றாகவே இருக்கிறது: 2024 ஜூலை முதல் லாவோஸின் தலைநகரான வியன்டியானுக்கு நேரடி ரயில், அங்கிருந்து 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில்பாதை, 2023 ஏப்ரல் முதல் சீனாவின் குன்மிங் வரை எல்லை கடந்த சேவை. கொரியாவின் பூசானிலிருந்து ஜப்பானின் புக்குவோகாவுக்கு இரவுக் கப்பலும் உண்டு. அழகான பயணம், மலிவான பயணம் அன்று. சீன விசாவும், இருபது இரவுகளின் தங்குமிடமும், அறுபது வேளை உணவும் சேர்ந்தால் நேரடி விமானச் சீட்டைத் தாண்டிவிடும்.

ஆறாம் படி: இரண்டு முனைகளிலும் உள்ள சிறு செலவு

கட்டுநாயக்கவுக்குப் புறக்கோட்டையிலிருந்து 187ஆம் இலக்கப் பேருந்து செல்கிறது. பெரிய பெட்டிகளுடன் நால்வர் சென்றால் வாடகை வான் பிடிப்பதே பொருத்தம். டோக்கியோவில் முன்பின் விசாரியாமல் வாடகைக்கார் ஏறிவிடுவது, இதுவரை மிச்சம் பிடித்ததை ஒரே மணித்தியாலத்தில் கொடுப்பதாகும். நரிட்டா, நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து டோக்கியோ நிலையத்துக்குச் செல்லும் மலிவுப் பேருந்தின் கட்டணம் 1,500 யென் அளவில் இருக்கும். ஹனேடா நகரத்துக்கு அண்மையில் இருப்பதால் ரயிலில் சில நூறு யென்னுடன் போய்விடலாம். ஆனால் மலிவு விமானங்கள் சில அங்கே இரவு பிந்தி இறங்குகின்றன. நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். அந்த நேரத்தில் இறங்குபவர் விமான நிலையத்திலேயே விடியும் வரை இருந்து, காலை ஐந்து மணிக்குப் பின் ஓடத் தொடங்கும் முதல் ரயிலில் போவது உத்தமம்.

குறித்த நாட்களுக்கு விரும்பியபடி ரயிலில் செல்ல உதவும் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கினால் மலிவு என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ–ஒசாகா போய்வருவதற்கு அது இப்போது நட்டம். தனிச் சீட்டாகவே எடுங்கள்.